நண்பன் காட்டிய வழி
புனித தேவசகாயம் வாழ்வு தரும் படிப்பினைகள்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்குத் தியானத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றால் மகிழ்ச்சி. பழைய ஏற்பாட்டுக் காலத்தில் ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும் எக்காளம் ஊதுவார்கள். அடிமைப்பட்டவன் விடுதலையாகி வீடு திரும்புவான். கைவிட்டுப் போன நிலம் உரியவன் கைக்கு வந்து சேரும். அறுந்துபோன உறவுகளை முடிந்து கட்டுகிற ஆண்டு அது. எனவே, கோயிலுக்கு வெள்ளையடித்து, தோரணம் கட்டி, மேளம் கொட்டி, விருந்துண்டு கலைவதோடு யூபிலி முடிந்துவிடாது. நமக்குள் எது அறுந்து கிடக்கிறது என்று பார்க்கவேண்டிய காலம் இது.

இந்த நல்ல நாளில் உங்களிடம் ஒரு கேள்வி. விசுவாசம் நம் வீட்டுக்கு எப்படி வந்தது? வானத்திலிருந்து நேரே நம் கூரைமேல் இறங்கியதா? இல்லை. யாரோ ஒருவர் சொன்னார், மற்றவர் கேட்டார். அந்திரேயா தன் சகோதரன் சீமோனைத் தேடிப் பிடித்து இயேசுவிடம் அழைத்து வந்தார். பிலிப்பு நத்தனியேலை அழைத்து வந்தார். உறவும் நட்பும் போட்டுத் தந்த ஒற்றையடிப் பாதையில்தான் விசுவாசம் அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. மலையில் வாழும் நமக்கு ஒற்றையடிப் பாதையின் அருமையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆகவே இன்று நம் தமிழ் மண்ணின் சீடர் ஒருவரை உங்கள்முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. மனைவியோடு குடும்பம் நடத்தியவர். அரண்மனையில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியவர். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமை நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதன்முதல் அந்தப் பேறு பெற்ற அவர்தான் புனித தேவசகாயம்.

இரு மனிதர்கள்

அவர் பிறந்தது 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள். ஊர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலம். அது அன்று திருவிதாங்கூர் அரசின் பகுதி. பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். உயர்ந்த குலம், நல்ல கல்வி, ஆயுதப் பயிற்சி எல்லாம் இருந்தன. மார்த்தாண்ட வர்மா மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனையில் பொறுப்புள்ள உத்தியோகமும் கிடைத்தது. ஊரார் கண்ணுக்குக் குறையொன்றும் இல்லாத வாழ்வு.

மற்றவர் பெயர் எஸ்தாக்கியுஸ் டிலனாய். 1715-ல் ஐரோப்பாவில் பிறந்தவர்; ஒல்லாந்தருடைய கம்பெனிப் படையில் சேர்ந்து கடல் கடந்து வந்தவர். 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் ஒல்லாந்தர் தோற்றார்கள். டிலனாய் சிறைப்பட்டார். அவருடைய திறமையைக் கண்ட மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தரும் பொறுப்பை ஒப்படைத்தார். நாளடைவில் மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்று அழைக்கும் அளவுக்கு அவர் உயர்ந்தார்.

ஒருவர் அரண்மனை அதிகாரி. மற்றவர் போர்க்கைதியாய் வந்தவர். மொழி வேறு, நிறம் வேறு, வேதம் வேறு. ஆயினும் உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் அருகருகே இருந்ததுபோல இவர்கள் உள்ளங்களும் நெருங்கின. டிலனாய் கத்தோலிக்கர். தம் நம்பிக்கையை அவர் பறையடித்துச் சொல்லவில்லை, மறைத்து வைக்கவுமில்லை. இவர்கள் நட்பிலிருந்து நாம் கற்க வேண்டிய படிப்பினைகள் நான்கு.

முதல் படிப்பினை: நண்பன் துன்பத்தில் உடனிருக்கிறான்

நீலகண்டனின் குடும்பத்தைத் துன்பம் சூழ்ந்தது. ஆடுமாடுகள் மடிந்தன, பயிர் பாழாயிற்று, உறவினர் மறைந்தனர். முகம் வாடிப்போன நண்பனைக் கண்ட டிலனாய் காரணம் கேட்டார். நீலகண்டன் மனம் திறந்தார். அப்போது டிலனாய் அவருக்கு விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார்.

யோபுவின் கதை உங்களுக்குத் தெரியும். செல்வம், பிள்ளைகள், உடல்நலம் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்தும் இறைவனை விடாதவர் அவர். ஆனால் அந்தக் கதையில் யோபுவின் நண்பர்களும் வருகிறார்கள். துக்கம் விசாரிக்க வந்த அவர்கள் ஏழு நாள், இரவும் பகலும், வாய் திறவாமல் அவரோடு மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். அதன்பின் வாய் திறந்தார்கள்; கெட்டது காரியம். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் உனக்கு இந்தக் கதி என்று நொந்தவனை மேலும் நோகடித்தார்கள்.

டிலனாய் என்ன செய்தார் பாருங்கள். யோபுவின் நண்பர்கள் செய்த தவற்றை அவர் செய்யவில்லை. உன் குலத்தின்மேல் குற்றம், உன் வழிபாட்டின்மேல் குற்றம், அதனால்தான் மாடு செத்தது என்று அவர் நண்பனைச் சாடவில்லை. உன்னைப்போல் அழுதவன் ஒருவன் இருந்தான், அவனைக் கடவுள் கைவிடவில்லை என்று கதையாகச் சொன்னார். துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க முயலாமல், துன்பத்தில் துணையாக நிற்கும் இறைவனைச் சுட்டிக் காட்டினார்.

நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுகிறது. ஒரு பிள்ளை நோயில் கிடக்கிறது. மழை பொய்த்துச் சாமையும் கேழ்வரகும் பதராகிப் போகின்றன. அந்த வீட்டுக்குப் போகும் நாம் என்ன பேசுகிறோம்? கோயிலுக்கு ஒழுங்காய் வராததால் வந்த வினை என்கிறோமா? அல்லது ஒரு படி தானியத்தோடு போய், திண்ணையில் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோமா? பேசாமல் உட்காரத் தெரிந்தவன் பேசும்போதுதான் அவன் சொல் உள்ளத்தில் இறங்கும்.

இரண்டாம் படிப்பினை: நல்ல நண்பன் தன்னிடம் அல்ல, இறைவனிடம் சேர்க்கிறான்

நீலகண்டனின் உள்ளத்தில் விசுவாசம் துளிர்த்தது. ஞானஸ்நானம் பெற விரும்பினார். அரண்மனை ஊழியர் ஒருவர் அரசனின் எல்லைக்குள் மதம் மாறுவது ஆபத்து. ஆகவே டிலனாய் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, எல்லைக்கு அப்பால் நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்கு அவரை அனுப்பி வைத்தார். அங்கே இயேசு சபையைச் சேர்ந்த புத்தாரி சுவாமிகள் இருந்தார். நம் மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்று அன்போடு அழைத்தார்கள். அவர் நீலகண்டனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆராய்ந்தார், சோதித்தார், ஞான உபதேசம் கற்பித்தார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தார். லாசரு என்பது பெயர். கடவுள் துணை செய்தார் என்பது அப்பெயரின் பொருள். அதுவே தமிழில் தேவசகாயம் ஆயிற்று.

நற்செய்தியில் வரும் பெத்தானியா ஊர் லாசருவை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் அவரை நம் நண்பர் என்று சொன்னார். அவருடைய கல்லறையருகே கண்ணீர் விட்டார். நண்பனால் கிறிஸ்துவை அறிந்தவருக்குக் கிறிஸ்துவின் நண்பனுடைய பெயரே வாய்த்தது எத்தனை பொருத்தம்!

இங்கே டிலனாயின் கடிதத்தைக் கவனியுங்கள். அவர் நண்பனைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. தம்மைவிட நன்றாகக் கற்பிக்கக்கூடியவரிடம் அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றார். வாசல்வரை கூட்டி வந்து, கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு விலகி நிற்பதே உண்மையான நட்பு.

நண்பன் என்று சொல்லி வேறு இடத்துக்கு அழைத்துப் போகிறவர்களும் உண்டு. திருவள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்காமல், நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்று தனித்தனி அதிகாரங்களும் வகுத்தார். காரணம் நம் மலைக்கு நன்றாகத் தெரியும். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி இருபது தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் தர்மபுரி மாவட்டத்து மலையூர்களைச் சேர்ந்தவர்களும் அந்த இருபது பேரில் இருந்தார்கள். இறந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. வயிற்றுக்குச் சோறு தேடிப் போனவர்கள் அவர்கள். ஆனால் கை நிறையக் கூலி கிடைக்கும், வா என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போகும் தரகர்களை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கி வெடித்த இடத்தில் அவர்களில் யாராவது நின்றார்களா?

இளைஞர்களே, உங்களுக்கு ஓர் உரைகல் தருகிறேன். உங்களை அழைக்கிறவன் தன் ஆதாயத்துக்காக அழைக்கிறானா, உங்கள் நன்மைக்காக அழைக்கிறானா? பகலில் உங்கள் தாய்க்குச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய இடத்துக்கு அழைக்கிறானா, இரவில் ஒளிந்து போகவேண்டிய இடத்துக்கு அழைக்கிறானா? இந்த இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு அவனோடு புறப்படுங்கள்.

மூன்றாம் படிப்பினை: விசுவாசம் நட்பை விரிவாக்குகிறது

ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய தேவசகாயம் பழைய தேவசகாயமாக இருக்கவில்லை. முதலில் தம் மனைவி பார்கவி அம்மாளுக்கு விசுவாசத்தை எடுத்துரைத்தார். அவரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார். பிறகு தாம் பிறந்த குலத்தின் வரம்பை அவர் மதிக்கவில்லை. தொட்டால் தீட்டு, கண்டால் தீட்டு என்று விலக்கப்பட்ட மக்களோடு சமமாய்ப் பழகினார். உடன் அமர்ந்து உண்டார். அக்காலத் திருவிதாங்கூரில் இது சிறு காரியமல்ல. அவர்மேல் எழுந்த பகைக்கு அவருடைய புதிய வேதம் எவ்வளவு காரணமோ, இந்தச் சமபந்தியும் அவ்வளவு காரணம்.

இங்கே நம் திருச்சபை வெட்கத்தோடு நினைவுகூர வேண்டிய ஒரு செய்தி உண்டு. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு பெரிய கோயில் கட்டப்பட்டது. ஒரே பீடத்திலிருந்து பிரியும் இரு கூடங்கள். காற்சட்டையின் இரு கால்களைப்போல. ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றச் சாதியார் மறு கூடத்தில்; நடுவே சுவர். ஒரே நற்கருணையை உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உண்டார்கள். 1910-ல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபோதுகூட அவர் பெயரோடு சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2022-ல் புனிதர் பட்டம் வழங்கியபோது அது விடப்பட்டது. தேவசகாயம் 1745-ல் விட்டுவிட்டு வந்ததை நாம் கைவிட 277 ஆண்டுகள் ஆயின!

சுவர் கல்லால்தான் கட்டப்படவேண்டும் என்பதில்லை. மலைமேல் பிறந்தவர்கள், கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று மனத்தில் கோடு கிழித்தாலும் அது சுவரே. முதலில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம், பிறகு வந்த குடும்பம் என்று திருவிழாவில் முந்தி நிற்கப் பார்த்தாலும் அது சுவரே. கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகூப்பியவன், வெளியே அதே மனிதன் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கத் தயங்கினால், அந்தச் சுவர் இன்னும் இடியவில்லை என்றே பொருள். யூபிலி ஆண்டின் எக்காளம் அந்தச் சுவரைத் தொட வேண்டாமா?

நான்காம் படிப்பினை: நண்பனால் காப்பாற்ற முடியாத நேரமும் வரும்

1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பாடுபட்டார். கைகளைக் கட்டி, எருமைமேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள். பிரம்பால் அடித்துக் காயத்தில் மிளகுத் தூளைத் தடவினார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது அவர் ஜெபித்துப் பாறையில் முழங்கையை முட்ட, நீர் சுரந்தது என்று மக்கள் வழிவழியாய்ச் சொல்கிறார்கள்; முட்டிடிச்சான் பாறை என்று இன்றும் அதைக் காட்டுகிறார்கள். வேதத்தை விட்டுவிட்டால் விடுதலை, பழைய பதவி, பழைய மதிப்பு. அவர் விடவில்லை. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் இரவு, ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலை மேல் ஜெபித்து முடித்தவரை அரசனின் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது முப்பத்தொன்பது. அவருடைய கல்லறை கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது.

அந்தப் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி தந்தவர் யார்? டிலனாய்! அரசனிடம் செல்வாக்குப் பெற்றிருந்த அந்தக் கப்பித்தானால் நண்பனின் உயிரை மீட்க முடியவில்லை. அதன்பிறகும் அவர் அரசனின் சேவையிலேயே இருந்தார். 1777-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் இறந்தார். உதயகிரிக் கோட்டையினுள் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த கல்லின்கீழ் துயில்கிறார்.

சிலர் கேட்கலாம்: சுவாமி, இது என்ன நட்பு? நண்பன் சாகும்போது அவரும் உடன் செத்திருக்க வேண்டாமா? பதவியை எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டாமா? நியாயமான கேள்விதான். ஆனால் டிலனாய் கைதியாய் வந்தவர் என்பதை மறக்கவேண்டாம். அவர் மனத்தில் எரிந்தது என்ன என்று நமக்குத் தெரியாது. தீர்ப்பிடுவது நம் வேலையல்ல. இதிலிருந்து நான் கற்பது ஒன்று உண்டு. விசுவாசத்தை நண்பன் நமக்கு அறிமுகப்படுத்தலாம். ஆனால் நமக்குப் பதிலாக அவன் விசுவசிக்க முடியாது. சிலுவையின் கடைசி அடிகளைத் தேவசகாயம் தனியாகத்தான் நடந்தார். இல்லை, தனியாக அல்ல. சீடர்களை ஊழியர் என்று சொல்லாமல் நண்பர் என்று அழைத்து, அந்த நண்பர்களுக்காக உயிரைக் கொடுத்தவர் ஒருவர் உடன் நடந்தார். டிலனாய் கை நீட்டிக் காட்டிய அந்த நண்பர், டிலனாய் போக முடியாத இடத்துக்கும் போனார்.

ஆனால் இதைச் சாக்காக வைத்து, என்னால் என்ன ஆகும் என்று நாம் கைகட்டி நிற்கலாகாது. நம் மலையடிவாரத்து வாச்சாத்தியைப் பாருங்கள். 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் சந்தனக்கட்டை தேடுவதாக வந்த அரசு ஊழியர்கள் அந்த ஊரைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள். அந்த ஏழைப் பெண்கள் நீதிமன்றத்தில் நின்று அஞ்சாமல் உண்மையைச் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29-ஆம் நாள் தர்மபுரி நீதிமன்றம் அப்போது உயிரோடிருந்த 215 பேருக்குத் தண்டனை விதித்தது. 2023 செப்டம்பர் 29-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள்! அத்தனை காலம் அவர்கள் சோர்ந்துவிடாமல் நிற்க முடிந்தது ஏன்? உடன் நின்றவர்கள் இருந்தார்கள். வழக்கு நாளெல்லாம் உடன் வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் நம் வேதத்தார் அல்லர். நல்ல சமாரியன் உவமையை ஆண்டவர் நமக்குத்தானே சொன்னார்? காயப்பட்டவனைக் கண்டு விலகிப் போன இருவரும் கோயிலைச் சேர்ந்தவர்களே என்பதை மறந்துவிட வேண்டாம்.

மறக்கப்பட்ட ஒருவர்

முடிக்குமுன் ஞானப்பூ அம்மாளைப் பற்றி ஒரு சொல். கணவன் கொல்லப்பட்டபின் அவர் தம் பழைய உறவையும் வசதியையும் தேடிப் போகவில்லை. வடக்கன்குளத்திலேயே தங்கி, விசுவாசத்தில் வாழ்ந்து, அங்கேயே கண்மூடினார். அவர்மேல் ஒருவரும் துப்பாக்கி நீட்டவில்லை. ஒவ்வொரு நாளும் அடுப்பு மூட்டி, ஒவ்வொரு நாளும் ஜெபித்து, ஒவ்வொரு நாளும் தனிமையைத் தாங்கியதே அவருடைய சாட்சியம். இந்தக் கூட்டத்தில் கணவனை இழந்த தாய்மார்கள் இருக்கிறீர்கள். பிழைப்புக்காகத் தொலைவில் போன கணவனுக்காகக் காத்திருப்போரும் இருக்கிறீர்கள். உங்கள் வாழ்வும் இறைவன் கண்ணில் சாட்சியமே. கணவனும் மனைவியும் விசுவாசத்தில் நண்பர்களாய் இருக்கும் வீடே முதல் கோயில்.

யூபிலி ஆண்டில் நாம் செய்யவேண்டியது

அன்பார்ந்தவர்களே, கேட்டதோடு போய்விடாமல் மூன்று காரியம் செய்வோம். முதலாவது, பேச்சு வார்த்தை அற்றுப்போன ஒருவர் வீட்டுக்கு இந்த ஆண்டு முடிவதற்குள் நீங்களே முதலில் போங்கள். அவன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டாவது, யூபிலி விருந்தில் உங்கள் உறவினரோடு மட்டும் உட்காராமல், இதுவரை யாரோடு உட்கார்ந்து உண்டதில்லையோ அவர் பக்கத்தில் உங்கள் இலையைப் போடுங்கள். மூன்றாவது, உங்களுக்கு விசுவாசத்தை முதலில் சொன்னவர் யார் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் உயிரோடிருந்தால் போய் நன்றி கூறுங்கள். இறந்திருந்தால் அவர் பெயருக்கு ஒரு திருப்பலி ஒப்புக்கொடுங்கள்.

கோயில் சுவரை நம் முன்னோர் கல்லும் மண்ணும் சுமந்து எழுப்பினார்கள். அதனுள் வாழும் திருச்சபையை நட்பு ஒன்றே எழுப்ப முடியும். துன்புற்ற ஒருவனுக்கு ஒரு நண்பன் ஒரு கதை சொன்னான். அதிலிருந்து ஒரு புனிதர் பிறந்தார். நீங்கள் நாளை யாருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?

புனித தேவசகாயமே, எங்கள் மலைக்காகவும், எங்கள் பிள்ளைகளுக்காகவும், எங்கள் பங்குக்காகவும் வேண்டிக்கொள்ளும். எல்லாம் வல்ல இறைவன் தந்தை, மகன், தூய ஆவி உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

ஆமென்.